அட்டைக்குப் பின்னால் பதினோரு புள்ளிகள்

எனக்கு வாய் நீளம் என்று இந்தக் கட்டடத்தில் எல்லாரும் சொல்வார்கள். அது பொய். இவர்கள் வேலை செய்கிற லட்சணத்தைப் பார்த்தால் ஊமைக்கும் பேச்சு வரும். கையுறை போடாமல் கூண்டுக்குள் கைவிடுகிறவன், கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனில் சிரிக்கிறவள், தண்ணீர் பாட்டிலை மாட்டத் தெரியாத படித்த மேதாவி, இவர்களை எல்லாம் கொஞ்சவா முடியும்? ஆள் ஐந்தடிகூட இல்லை, காரம் மட்டும் குறைவில்லை என்று எனக்குக் கடுகம்மா என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். என் முகத்துக்கு நேராகக் கூப்பிடத்தான் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

என் வேலை எலி அறை. ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் அடுக்கு, அடுக்கு முழுக்கக் கூண்டு, கூண்டுக்குள் கருப்புச் சுண்டெலிகள். இருபத்திரண்டு வருஷமாக அவற்றுக்குத் தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, மரத்தூள் மாற்றி வருகிறேன். காலை ஏழு மணிக்கு விளக்குகள் தாமாக எரியும். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் நான் உள்ளே இருப்பேன். "எழுந்திருங்கடி மகாராணிங்களா" என்று சொல்லிக்கொண்டே முதல் அடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டு போவேன். ஒரு நாளில் நான் அன்பாகப் பேசுவது அந்த அரை மணி நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை முறை வேறொருத்தியுடையது. அன்றைக்கும் நான் வருவேன். வீட்டில் என்ன வாழ்கிறது? ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். நாற்காலி மட்டும் இரண்டு. இரண்டாவதில் மடித்த துணி இருக்கும். முன்னே அதில் அக்கா உட்கார்ந்திருப்பாள்.

அக்கா போய் ஆறு வருஷம் ஆகிறது. கல்லீரல். ஒரு சொட்டு மது தொடாதவள் அவள். ஆனாலும் கல்லீரல் என்று சொன்ன உடனே, "குடிப்பாங்களா?" என்று கேட்காத வாய் இல்லை. "ஆமா, தினமும் உன் வீட்டுலதான் வந்து குடிச்சா" என்று நான் திருப்பிக் கொடுத்ததில் பாதிச் சொந்தம் விட்டுப் போயிற்று. சின்ன வயதில் எப்போதோ வந்த மஞ்சள் காமாலைக் கிருமி, போகாமல் உள்ளேயே குடியிருந்து முப்பது வருஷமாகத் தின்றிருக்கிறது. கண்டுபிடித்தபோது தலைக்கு மேல் வெள்ளம் போயிருந்தது. கடைசி நாலு மாதம் என் வீட்டில்தான் இருந்தாள். வயிறு முழுக்க நீர், முதுகு முழுக்க வலி.

ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வலி மாத்திரை எதுவும் கொடுத்துடாதீங்கம்மா. உள்ளே ரத்தம் கசியும், கிட்னியும் போயிடும்." நான் சொல் மாறாதவள். கொடுக்கவில்லை. மூட்டுவலிக்கு என்று அக்கா வழக்கமாகப் போடுகிற மாத்திரை அலமாரியில்தான் இருந்தது. அவள் கண் அந்த அலமாரியை விட்டு நகராது.

"ஒண்ணே ஒண்ணு குடுடி. யாருக்குத் தெரியப் போகுது?" என்பாள்.

"டாக்டர் கூடாதுன்னுட்டார். பேசாம படு."

"நீ என் தங்கச்சியா, அந்த டாக்டருக்குத் தங்கச்சியா?"

இதை அவள் சிரித்துக்கொண்டு சொன்ன நாளும் உண்டு. கடைசி வாரம் சிரிக்கவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் என் பக்கம் திரும்பாமலே போய்ச் சேர்ந்தாள்.

அக்காவுக்கு ஒரே மகள். வேறு ஊரில் பள்ளிக்கூட டீச்சர். மாதம் ஒன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குப் போன் செய்வாள். "நல்லா இருக்கீங்களா சித்தி? சாப்பிட்டீங்களா? உடம்பைப் பார்த்துக்கங்க. சரி, வச்சிடறேன்." ஒரு நாள் மணி பார்த்தேன், ஐம்பது நொடி. பால்காரர்கூட என்னிடம் அதைவிட அதிக நேரம் பேசுவார். சின்னப் பிள்ளையில் என் இடுப்பை விட்டு இறங்காத குட்டி அது. இப்போது யாரோ அந்நியரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசுகிறாள். ஆனாலும் ஒன்றாம் தேதி ஐந்தே முக்காலிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

சரி, எலிக்கு வருகிறேன்.

நாலு மாதம் முன்னால் புதிதாக ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லி. யாரோடும் சேராமல் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்பாள். காலையும் மாலையும் கையில் ஊசியோடு என் அறைக்கு வந்துவிடுவாள், அதனால் நான் அவளுக்கு ஊசி என்று பேர் வைத்தேன். எனக்கு மட்டும்தான் பேர் வைக்கத் தெரியாதா?

அவள் ஆராய்ச்சி கல்லீரல்தான். சுண்டெலியை மயக்கி, வயிற்றைத் திறந்து, கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டுத் தைத்துவிடுவாள். ஒரு வாரத்தில் அது திரும்பவும் வளர்ந்து கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்துவிடுமாம். எப்படி வளர்கிறது, எது வளர விடாமல் தடுக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. முதலில் நோயில்லாத எலியில் ஒழுங்காக வளர்கிறது என்று காட்ட வேண்டும். பிறகுதான் நோய்பட்ட கல்லீரலுக்குப் போக முடியும். தடவைக்குப் பத்து எலி, கூண்டுக்கு ஒன்று.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. மறைப்பானேன்? கல்லீரல் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது. அதிலும் அவள் அறுத்துவிட்டுப் போன பிறகு அதுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்தானே. சில எலிகள் மறுநாளே ஓடியாடும். சிலது மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வலித்தால் சுண்டெலியின் முகம் அப்படித்தான் ஆகும். இருபத்திரண்டு வருஷம் பார்த்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் இவள் வந்து அதைத் தூக்கி, கழுத்துத் தோலைப் பிடித்து ஓர் ஊசி குத்துவாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அறுத்தது போதாதென்று குத்தலும் வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை அவளாகவே என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அக்கா, இந்த ஊசி எதுக்குன்னா..."

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீ குத்து, நான் கூட்டுறேன்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

முதல் பத்தில் ஒரு பெட்டை. ஏழாம் கூண்டு. அறுத்த மறுநாள் காலையில் பார்க்கிறேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. நான் அடுக்கைத் தட்டினேன். "ஏய்" என்றேன். திரும்பவில்லை.

மருந்து அங்கேயேதான் இருந்தது. மேல்மாடியில் எலும்பு ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்கள் எலிகளுக்குக் காலில் அறுவை செய்வார்கள். அதுகளுக்கு வீக்கமும் வலியும் குறைய ஒரு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து வைப்பது என் வேலை. தேன் மணக்கிற மஞ்சள் மருந்து. எத்தனை தண்ணீருக்கு எத்தனை சொட்டு என்பது எனக்கு மனப்பாடம். ஏழாம் கூண்டின் பாட்டிலைக் கழற்றி, அதே அளவில் சொட்டு விட்டு, திரும்ப மாட்டினேன். மதியத்துக்குள் அந்தப் பெட்டை கண்ணைத் திறந்து மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன். அக்காவுக்கு ஒன்று கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கூண்டுக்கு நான் வழக்கத்துக்கு மாறாக எதைச் செய்தாலும், கூண்டில் தொங்கும் அட்டையின் பின்னால் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். மறந்துபோய் இரண்டு தடவை செய்துவிடக் கூடாதே. எலி போன பிறகும் அட்டையை எறிய மாட்டேன், பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். ஏழாம் கூண்டு அட்டைக்கும் ஒரு புள்ளி வைத்தேன். அதற்குப் பிறகு எது மூலையில் கூனிக்கொண்டு உட்கார்ந்தாலும் அதன் பாட்டிலில் சொட்டு விழுந்தது, அட்டையில் புள்ளி விழுந்தது. முதல் பத்தில் மூன்று. இரண்டாம் பத்தில் நாலு. மூன்றாம் பத்தில் நாலு.

மூன்றாவது தடவை எல்லாம் முடிந்த அன்று மதியம் தீனி மூட்டையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால், அடுக்குக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து ஊசி அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்தக் கட்டடத்தில் அழ வேறு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மடியில் ஒரு தாள்.

"எழுந்திரும்மா. தரையெல்லாம் மருந்துத் தண்ணி" என்றேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

"என் கை சரியில்லக்கா" என்றாள். "பத்து வருஷம் படிச்சு என்ன பிரயோஜனம்? முப்பது எலி. பத்தொன்பதுல ஒழுங்கா வளர்ந்திருக்கு. பதினொண்ணுல பாதிகூட வளரலை. ரெண்டு செத்தே போச்சு. ஒரே கை, ஒரே கத்தி, ஒரே தையல். எங்கேயோ நான்தான் தப்பா வெட்டறேன். எங்கேன்னு தெரியலை."

எலிக்கு ஒரு புள்ளியாகக் குறித்திருந்த தாளை என் பக்கம் நீட்டினாள். மேலே பச்சைப் புள்ளிகள் கூட்டமாக இருந்தன. கீழே தனியாகச் சிவப்புப் புள்ளிகள்.

"வெள்ளிக்கிழமை பேராசிரியர் கூப்பிட்டிருக்கார். இதை மூடிடுவார். என்னையும் அனுப்பிடுவார். வீட்டுக்குப் போய் என்ன சொல்றது? எலிக்கே வைத்தியம் தெரியலைன்னு சொல்லணும்."

நான் சிவப்பை எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூண்டு எண் சின்னதாக இருந்தது. முதல் எண் ஏழு.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு போன பிறகு பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். அவள் எலிகளுடைய முப்பது அட்டைகளைப் பொறுக்கி எடுத்தேன். திருப்பித் திருப்பிப் போட்டேன். புள்ளி இருந்தவற்றை ஒரு பக்கம் அடுக்கினேன். அடுக்கி முடித்ததும் எண்ணப் பயமாக இருந்தது. எண்ணினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போன கதைதான்.

அன்று செவ்வாய். சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அட்டைகளைக் குப்பையில் போட்டால் தீர்ந்தது. அந்தப் பெண் போய்விடுவாள், இன்னொருத்தர் வருவார், கூண்டுகள் இருக்கும், காலையில் விளக்கு எரியும், "எழுந்திருங்கடி" என்று நான் சொல்லலாம். சொன்னால் இந்த அறை போகும். இந்த அறையும் போனால் எனக்கு நாள் முழுவதும் பேச யார் இருக்கிறார்கள்? இரண்டு நாற்காலியா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புதன்கிழமை அட்டைகளைக் குப்பைக் கூடை வரைக்கும் கொண்டு போனேன். கூடைக்குப் பக்கத்தில் நின்றபோது, "என் கை சரியில்லக்கா" என்று அவள் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. கை நல்ல கை. தையல் ஒவ்வொன்றும் மணிமணியாக இருக்கும். அதைப் பார்த்தவளும் நான்தானே.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாடிப்படியில் அவளைப் பிடித்தேன். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். பதினோரு அட்டைகளையும் அவள் பக்கத்தில் படியில் வைத்தேன், பின்பக்கம் தெரியும்படி.

"உன் கை நல்லாத்தாம்மா இருக்கு. கெட்டது என் கை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அட்டையை எடுத்துத் திருப்பினாள். எண்ணைப் பார்த்தாள். அடுத்ததைத் திருப்பினாள். நாலாவது அட்டையில் அவள் முகம் சிவந்தது.

"மூணு மாசம்!" என்று கத்தினாள். அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "மூணு மாசமா நான் என் கையையே வெறுத்துக்கிட்டுக் கிடக்கேன்! தினமும் காலையில எழுந்து கை நடுங்குதான்னு பார்க்கிறேன்! உங்களை யாரு ஊத்தச் சொன்னா?"

"அதுக்கு வலிச்சுதும்மா."

"வலிக்கக் கூடாதுன்னுதானே ரெண்டு வேளையும் நான் ஊசி போட்டேன்!"

"என்னது?"

"அந்த ஊசியே வலிக்குத்தான்! ஒவ்வொரு எலிக்கும், ரெண்டு நாளைக்கு. மேசையில கோப்புல எழுதியே வச்சிருக்கேன். அது வலியை மட்டும் மறைக்கும். நான் பார்க்க வேண்டியதைத் தொடாது. சாயங்காலம் வந்து அடுத்தது போடற வரைக்கும் சிலதுக்கு மருந்து கொஞ்சம் பத்தாமப் போயிருக்கும். அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் கூட்டியிருப்பேனே! நான் சொல்ல வந்தேன், நீங்க துடைப்பத்தை எடுத்துக்கிட்டுப் போனீங்க."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதால் சிரிப்பார்கள். நான் ஆட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, காப்பாற்றிக்கொண்டிருந்தவளை மூன்று மாதமாகச் சபித்திருக்கிறேன்.

அப்புறம் அவளே, குரல் இறங்கி, அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "கல்லீரலை வெட்டினா அது சும்மா இருக்காதுக்கா. உள்ள காவல்காரங்க மாதிரி கொஞ்சம் செல்லு இருக்கு. வெட்டு விழுந்ததும் அதுங்க சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் தூங்கிட்டிருக்கிற மத்த செல்லெல்லாம் எழுந்து பெருக ஆரம்பிக்கும். அழற்சின்னு நாங்க சொல்றது அதைத்தான். முதல் ரெண்டு நாள் அந்தச் சத்தம் வேணும். நீங்க ஊத்தின மருந்து அதோட வாயைப் பொத்தியிருக்கும். ஆனா மோசமா இருந்ததாப் பார்த்து நீங்க ஊத்தியிருக்கீங்க. அதனால இதை வச்சு எதையும் நிரூபிக்கவும் முடியாது. எல்லாம் மறுபடி முதல்லேருந்து."

"அப்போ சத்தம் போட்டா நல்லதா?"

"போட்டுட்டு அடங்கணும். வேலை முடிஞ்சதும் அடங்கணும். வருஷக்கணக்கா அடங்காம உள்ளுக்குள்ளேயே கத்திக்கிட்டு இருந்தா புதுசு வளராது, தழும்புதான் வளரும். கடைசில கல்லீரல் முழுக்கத் தழும்பாயிடும்."

முப்பது வருஷம் உள்ளே குடியிருந்த கிருமி. எனக்கு அக்காவின் வயிறு கண்ணுக்குள் வந்தது. யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்று ஆறு வருஷமாக என் தொண்டையில் கிடந்தது. அதை இந்த ஊசியிடம், அவள் பிழைப்பைக் கெடுத்ததை ஒப்புக்கொண்ட அன்றைக்கே கேட்டேன்.

"எங்க அக்காவுக்கு அப்படித்தான் இருந்துது. வலி மாத்திரை கூடாதுன்னு டாக்டர் சொன்னார். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. நான் குடுக்கலை. குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இன்னும் கண்ணில் இருந்தது, ஆனால் பொய் சொல்லத் தெரியாத முகம் அது.

"அந்த மாத்திரையைக் குடுத்திருந்தா கஷ்டம் கூடியிருக்கும். நீங்க குடுக்காதது சரி."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லக்கா. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கூடாதது அந்த வகை மாத்திரை. அளவைக் குறைச்சுக் குடுக்கிற மாதிரி வேற மருந்து இருக்கு. இவ்வளவு வலிக்குதுன்னு சொல்லிக் கேட்டா, பார்த்துக் குடுத்திருப்பாங்க." அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை.

கேட்கவில்லை. பால் தண்ணீராக இருந்தால் கேட்பேன். பஸ்ஸில் காலை மிதித்தால் கேட்பேன். கூண்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தால் இந்தக் கட்டடமே நடுங்கக் கேட்பேன். அந்த வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் மட்டும் கைகட்டி நின்று, "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் நீளமாம், வாய். தேவைப்பட்ட ஒரே இடத்தில் அதைக் காணோம்.

ஒருத்தி கேட்கச் சொன்னாள். அக்காவின் மகள். சனி ஞாயிறுகளில் வந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "சித்தி, வேற ஏதாவது மருந்து இருக்கான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க சித்தி." நான் அவளை, "பெரிய படிப்பு படிச்சவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? வாயை மூடிக்கிட்டு உட்காரு" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் அதைத் திறக்கவே இல்லை. மாதத்துக்கு ஐம்பது நொடி தவிர.

பத்து மணிக்கு நான்தான் முதலில் பேராசிரியர் அறைக்குள் போனேன். கதவைத் தட்டாமல் போனேன். அந்தப் பெண் உள்ளே வந்து உட்காருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி அட்டைகளை அவர் மேசையில் வைத்தேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதி எண் இத்தனை, குழு இத்தனை என்று ஏதேதோ சொன்னார். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு மறுபடி முப்பது எலி. எனக்கு எலி அறைச் சாவி கிடையாது. திங்கட்கிழமையிலிருந்து கூண்டு கழுவும் பகுதி. அங்கே அழுக்குக் கூண்டு வரும், சுத்தக் கூண்டு போகும். எலி இருக்காது.

சாவியைக் கழற்றி மேசையில் வைத்தபோது அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏன் பேச வேண்டும்? ஆனால் வெளியே வந்து நான் மாடிப்படி இறங்கும்போது பின்னால் வந்தாள்.

"புது எலிங்களுக்கு மூணு வேளை ஊசி போடப் போறேன்" என்றாள். "கூனிக்கிட்டு உட்கார்ந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு எனக்கு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. எனக்கு அது தெரியலை."

படியில் உட்கார்ந்து, அவள் மேசையிலிருந்து எடுத்து வந்திருந்த ஓர் அட்டையின் பின்னால், புள்ளிக்குக் கீழே எழுதிக் கொடுத்தேன். காது, கண், முதுகு, சுவர்ப் பக்கம் திரும்புவது. எழுதும்போது கடைசியில் எழுத்து கோணிப் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. இரண்டாவது நாற்காலியில் இருந்த துணியை எடுத்துக் கட்டிலில் போட்டேன். ஏன் என்று தெரியவில்லை. போனைக் கையில் எடுத்தேன். அன்றைக்கு ஒன்றாம் தேதி இல்லை. அவளை நானாகக் கூப்பிட்டு எத்தனை வருஷம் இருக்கும்? முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சித்தி? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவது...?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ சரி. சாப்பிட்டீங்களா?"

"குட்டி, அதெல்லாம் அப்புறம். நான் சொல்றதைக் கேளு." குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "உங்க அம்மாவுக்கு வேற மருந்து இருந்திருக்கு. வலிக்கு. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களாம். நீ கேட்கச் சொன்னே. நான் கேட்கலை. உன்னையும் வாயை மூடுன்னுட்டேன். நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு."

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பது தாண்டியிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள். மெல்லத்தான் சொன்னாள்.

"என்ன தெரியும்?"

"வேற மருந்து இருந்துதுன்னு. அம்மா போன மறு மாசமே எங்க ஸ்கூல்ல ஒருத்தர் சொன்னாங்க. ஆறு வருஷமா எனக்குத் தெரியும்." அப்புறம் அவள் குரல் உடைந்தது. "உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க செத்துப் போயிடுவீங்கன்னு சொல்லலை. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேட்டுக் கேட்டு வச்சேன். ஒவ்வொரு மாசமும் போனை வச்சிட்டு என் வீட்டுக் கதவை எட்டி உதைப்பேன், தெரியுமா உங்களுக்கு? எங்க அம்மா அப்படித் துடிச்சாங்க! நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? ஊரையே ஒரு வாய் பார்க்கிறவங்க, எங்க அம்மாவுக்காக ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கத்தினாள். போனுக்கு வெளியே அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை, என் அம்மாகூட. கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டில் வழிந்தது. காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

திடீரென்று அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.

"சித்தி? லைன்ல இருக்கீங்களா? வச்சிட்டீங்களா?"

"இருக்கேன்டி" என்றேன். "வைக்க மாட்டேன். நீ கத்து."